பாம்பனிலிருந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு: தடைக்காலப் பயணத்துக்கு ஆலோசனை தேவை

பாம்பன்_வடகடல்

அனைவருக்கும் வணக்கம். நான் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில்தான் எங்களுக்குத் தொடர்ச்சியாக விடுப்புக் கிடைக்கும் என்பதால், வரும் மே மாத இறுதியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குக் குடும்பத்துடன் சென்றுவர எண்ணியுள்ளோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 63 வயதான என் தாயார், மனைவியின் தம்பி என மொத்தம் ஐவர். தாயார் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வேறு தொந்தரவு எதுவும் இல்லை. மைத்துனர் சங்கு குளிக்கும் தொழில் செய்பவர்.

பயண முகவர் ஒருவர் ஏழு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். மதுரையிலிருந்து விமானத்தில் சண்டிகர் சென்று, அன்றிரவே மணாலியை அடைந்து, மறுநாள் குன்சும் கணவாயைக் கடந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜாவில் தங்குவது, அங்கே மூன்று நாட்கள் சுற்றிப் பார்ப்பது, பிறகு அதே வழியில் திரும்புவது என்பது அவருடைய கணக்கு. எங்களில் எவரும் கொடைக்கானலைவிட உயரமான இடத்துக்குப் போனதில்லை. இந்தத் திட்டத்தை ஏற்கலாமா, தாயாரை அழைத்துச் செல்லலாமா, எவற்றைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உச்சிப்புளி_ஓய்வு

தம்பி, அந்தத் திட்டத்துக்கு முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். நான் எல்லைச் சாலைகள் அமைப்பில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் ஒரு பகுதி கின்னௌர், சும்தோ பக்கத்திலேயே கழிந்தது. சமவெளியிலிருந்து வந்த வலுவான இளைஞர்கள்கூட முதல் இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் கடல் மட்டத்தில் வாழ்கிறவர்கள். கொடைக்கானல் 2,100 மீட்டரைச் சற்றுத் தாண்டும். காஜாவோ 3,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றில் உயிர்வளியின் விகிதம் நம் ஊரில் உள்ள அதே 21 விழுக்காடுதான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வளி பாம்பனில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நீங்கள் கையோடு கொண்டுபோகும் சிப்ஸ் பாக்கெட் வழியிலேயே வெடித்துவிடுவதைப்போல உப்பி நிற்பதைப் பார்த்தால் இது உங்களுக்கே விளங்கும். இந்தக் குறைவுக்கு உடல் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களைக் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, நடக்கவே மனமில்லாத சோர்வு ஆகியவை தொடங்கும். இதை மலைநோய் என்பார்கள். பெரும்பாலும் ஊர் போய்ச் சேர்ந்தவுடன் இது தெரியாது; ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, இரவில்தான் தலைகாட்டும்.

மலைப் பயணத்தை எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடாதீர்கள். இரவில் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்று கணக்கிடுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முந்தைய இரவு படுத்த உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரத்தைக் கூட்டாமல் ஒரு நாள் நிற்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் வகுத்த வரையறை. முகவரின் திட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கே ஒரே இரவு படுத்துவிட்டு, மறுநாள் 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயில் ஏறி இறங்கி, காஜாவில் படுப்பது என்றால் ஒரே நாளில் படுக்கை உயரம் சுமார் 1,600 மீட்டர் கூடுகிறது. உங்கள் தாயாரை விடுங்கள், உங்கள் மகளுக்கே அது ஆகாது.

இன்னொன்றையும் முகவர் சொல்லியிருக்க மாட்டார். மணாலி வழியாகக் காஜாவுக்கு வந்தவர்களுக்கு உடல்நிலை மோசமானால், வந்த வழியே இறங்குவதற்கு முதலில் மீண்டும் 4,551 மீட்டர் ஏறியாக வேண்டும். மலைநோய் முற்றும்போது இறங்குவது ஒன்றே முதல் மருந்து என்ற நிலையில், இறங்குவதற்கே ஏற வேண்டிய பாதையில் வயதானவரை அழைத்துச் செல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே சிம்லா, கின்னௌர் வழியாகச் செல்லுங்கள். சண்டிகரிலிருந்து சிம்லா போய் ஓர் இரவு. மறுநாள் ராம்பூரைத் தாண்டி, பீமாகாளி கோயில் உள்ள சராஹனில் ஓர் இரவு. அதற்கு அடுத்து ரெக்காங் பியோவுக்கு மேலே, 2,960 மீட்டர் உயரத்திலுள்ள கல்பாவில் இரண்டு இரவுகள். அங்கே காலையில் கின்னர் கைலாயச் சிகரத்தை அறையிலிருந்தே பார்க்கலாம், ஆப்பிள் தோட்டங்களுக்குள் மெதுவாக நடக்கலாம், உடலும் பழகும். பிறகு கல்பாவிலிருந்து புறப்பட்டு, ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கும் காப் வழியாக நாகோ ஏறி, அங்கே தேநீர் குடித்துவிட்டு இறங்கி, 3,280 மீட்டர் உயரமுள்ள தாபோவில் இரண்டு இரவுகள். அதன் பிறகே காஜா. இப்படிப் போனால் எந்த இரவிலும் 500 மீட்டர் வரையறை மீறப்படாது. காஜாவில் தாயாருக்குத் தலை கனத்தால், 47 கிலோமீட்டர் பயணத்தில் தாபோவுக்கு இறங்கிவிடலாம்.

சாலை மோசமாக இருக்கும் என்பதையும், ஒரு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் போகும் கணக்கை அங்கே போடக்கூடாது.

சாயல்குடி_ரைடர்

உச்சிப்புளி ஐயா அளவுக்கு மீறி அச்சுறுத்துவதாகத் தோன்றுகிறது. நண்பர்கள் நாங்கள் சென்ற ஆண்டு ஜூலையில் மணாலி வழியாகவே பைக்கில் காஜா சென்றோம். ஒருவனுக்கு மட்டும் ஓர் இரவு வாந்தி இருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையால் ரோத்தாங் கணவாய் ஏறும் வேலையும் இல்லை. சிம்லா வழியில் சுற்றிப் போவதால் நான்கைந்து நாட்கள் கூடுதலாகச் செலவாகும், அறை வாடகையும் கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உச்சிப்புளி_ஓய்வு

தம்பி, வாந்தி எடுத்தவர் உங்கள் நண்பர் என்பதால் அடுத்த நாள் எழுந்து பைக் ஓட்டியிருப்பார். இங்கே கேட்பவர் 63 வயதுத் தாயாரைப் பற்றிக் கேட்கிறார். மலைநோய் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை உடல்வலுவை வைத்துச் சொல்ல முடியாது. ஓடியாடும் இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே அதிகம் வருவதும் உண்டு.

சுரங்கப்பாதையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது லாஹௌல் பக்கத்தில் கொண்டு விடும். அங்கிருந்து கிராம்பூ, பாதால் வழியாகக் குன்சும் வரை உள்ள தூரம் மாறவில்லை. அந்தப் பகுதியில் சாலைக்குக் குறுக்கே ஓடும் பனியுருகு ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, வெயில் ஏறி மேலே பனி உருகியதும் பிற்பகலில் வண்டியின் கதவு வரை வந்துவிடும். நம்மவர்கள் ஓதம் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்து வள்ளத்தைத் தள்ளுவதுபோல, அங்கே ஓட்டுநர்கள் விடியலிலேயே புறப்பட்டு நண்பகலுக்குள் நாலாக்களைக் கடந்துவிடுவார்கள். நண்பகலுக்குப் பிறகு புறப்படலாம் என்று எந்த ஓட்டுநராவது சொன்னால் அவர் அந்தப் பகுதிக்குப் புதியவர் என்று பொருள்.

அதைவிட முக்கியமாக, குன்சும் கணவாய் பனியால் மூடியிருந்து, பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூன் நடுப்பகுதிக்குள்ளோதான் திறக்கும். அந்த ஆண்டின் பனியைப் பொறுத்து நாள் மாறும். பாம்பன் தம்பி போகிற காலம் மே இறுதி. கணவாய் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் முன்பதிவு செய்யச் சொல்வதே பிழையான ஆலோசனை. கின்னௌர் வழி ஆண்டின் பெரும்பகுதியும் திறந்திருக்கும்.

தொண்டி_டீச்சர்

கின்னௌர் வழி பாதுகாப்பானது என்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 2021 ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கின் பத்சேரி அருகே பாறைகள் உருண்டு விழுந்து சுற்றுலாப் பயணிகள் ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சாரியில் மலைச்சரிவு பேருந்தையும் வாகனங்களையும் மூடியது. இரண்டுமே கின்னௌர் மாவட்டம்தான்.

உச்சிப்புளி_ஓய்வு

உண்மைதான் அம்மா, அதைச் சொன்னது நல்லது. ஸ்பிதி மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே மழை குறைவு. ஆனால் அங்கே போகும் இரண்டு வழிகளும் மழை பெய்யும் மலைகளுக்குள்ளே போகின்றன. நீங்கள் சொன்ன இரண்டு விபத்துகளும் பருவமழைக் காலத்தில் நடந்தவை. 2023 ஜூலை வெள்ளத்திலும் சந்திரதால் ஏரியருகே இருநூறுக்கும் மேற்பட்டோர் பல நாட்கள் சிக்கிக்கொண்டார்கள். அதனால்தான் பள்ளி விடுமுறையையும் நம் தடைக்காலத்தையும் ஒட்டி, ஜூன் நடுப்பகுதிக்குள் திரும்பிவிடும் பயணம் நல்லது என்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் குடும்பத்துடன் செல்ல வேண்டாம்.

மழையில்லாத நாளிலும் கல் விழும் இடங்கள் உண்டு. அங்கே அறிவிப்புப் பலகை இருக்கும். அந்தப் பலகையருகே நிழல் இருக்கிறது என்று வண்டியை நிறுத்திப் படம் எடுக்கக்கூடாது. காற்று வலுக்கும் பிற்பகலில் கல் விழுவதும் கூடும்.

கீழக்கரை_மருந்தகம்

மருந்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை பயன்படுகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தொடங்குவார்கள். இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து வாங்கிவிட வேண்டாம். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்த அழுத்தத்துக்காக ஏற்கெனவே சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பாம்பன் அண்ணனின் தாயார் எந்த அழுத்த மாத்திரை எடுக்கிறார் என்பதை அட்டையுடன் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதய வரைபடமும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரத்தசோகை உள்ளவர்களுக்கு மலை கூடுதல் சிரமம் தரும். நம் பக்கத்துப் பெண்களில் பலர் அதைச் சோர்வு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள் என்பதால் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்வது நல்லது.

இந்த மாத்திரை எடுத்தால் விரல் நுனிகள் கூசும், அடிக்கடி சிறுநீர் வரும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடக்கூடாது. வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்யும் நம் பெண்களின் பழக்கம் அங்கே ஆபத்து.

தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை எடுப்பதும், குளிருக்கு நல்லது என்று மது அருந்துவதும் இரவில் மூச்சை மேலும் மந்தமாக்கும். கடைகளில் விற்கும் சிறிய உயிர்வளிக் குப்பி சில நிமிடங்களுக்கு மட்டுமே வரும். அதை நம்பி மேலே ஏறக்கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அங்கே அது காட்டும் எண் நம் ஊரைவிடக் குறைவாகவே இருக்கும். காஜாவில் 80களின் பிற்பகுதியைக் கண்டு பதறத் தேவையில்லை. எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்றால், தலைவலி வந்தவரை ஒரு குதிகாலை மற்றொரு காலின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாலோ மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலோடு நுரைத்த சளி வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அந்த இரவிலேயே வண்டியை எடுத்துக் கீழே இறங்க வேண்டும். காஜாவில் சமூக சுகாதார நிலையம் உண்டு. ரெக்காங் பியோவில் மண்டல மருத்துவமனை உண்டு.

பாம்பன்_வடகடல்

மிகவும் நன்றி. உச்சிப்புளி ஐயா சொன்ன கின்னௌர் வழியையே வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். மைத்துனர் மட்டும் ஒரு வாதத்தை விடவில்லை. மூச்சடக்கிக் கடலின் அடிவரை போய்ச் சங்கு எடுத்து வருகிறவனுக்குக் காற்றுக் குறைவு பழக்கம்தானே, எனக்கு எதற்கு மாத்திரையும் ஓய்வு நாளும் என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

கீழக்கரை_மருந்தகம்

நல்ல கேள்வி. எங்கள் ஊரிலும் பெரியபட்டினம் பக்கத்திலும் பாசி எடுக்கும் பெண்களும் சங்கு குளிப்பவர்களும் இதையேதான் கேட்பார்கள். குளிப்பவர் கடல் மட்டத்துக் காற்றை நுரையீரல் நிறைய இழுத்துக்கொண்டு, அதை ஒன்றிரண்டு நிமிடம் சிக்கனமாகச் செலவழிக்கிறார். மேலே வந்தவுடன் முழு மூச்சு கிடைத்துவிடுகிறது. மலையில் அந்த முழு மூச்சு இரவும் பகலும் கிடைப்பதே இல்லை. அங்கே உடல் செய்ய வேண்டியது மூச்சை அடக்குவதற்கு நேர்மாறான வேலை: இடைவிடாமல் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும், அதற்கேற்ப இரத்தத்தின் தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்ய வேண்டும். அதற்கு நாட்கள் தேவை. எனவே அவருடைய திறமை அங்கே கைகொடுக்காது.

இன்னும் சொன்னால், அவரைத்தான் நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மூச்சு முட்டுவதைப் பொறுத்துப் பழகியவர் என்பதால், உடம்பு முடியவில்லை என்பதைக் கடைசியில்தான் சொல்வார். காலையிலும் இரவிலும் ஐவரிடமும் தலைவலி இருக்கிறதா, சாப்பிட முடிகிறதா, தூங்கினீர்களா என்று வெளிப்படையாகக் கேட்பதை வழக்கமாக்குங்கள், மழுப்பினால் விடாதீர்கள்.

கீழக்கரை_வடக்குத்தெரு

மருந்தகம் காக்காவுக்கு ஸலாம். எனக்கு வேறொரு சந்தேகம். எங்களுடன் கொழும்பிலிருந்து சாச்சா மகனும் வர விரும்புகிறார். அவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டுதான் இருக்கிறது. அவருக்குத் தனி அனுமதி வேண்டுமா? நம்மவர்களுக்கும் வேண்டுமா?

உச்சிப்புளி_ஓய்வு

இந்தியக் குடிமக்களுக்கு அனுமதி தேவையில்லை. ஆதார் போன்ற அடையாள அட்டையின் மூலப்படியைக் கையில் வைத்திருந்தால் போதும், சோதனைச் சாவடியில் காட்டச் சொல்வார்கள். வெளிநாட்டவர் ரெக்காங் பியோவுக்கும் தாபோவுக்கும் இடைப்பட்ட எல்லையோரப் பகுதியைக் கடக்க உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) பெற வேண்டும். சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். அலுவலக நாளில் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் ஒரு நாள் வீண்.

தொண்டி_டீச்சர்

உணவு, உடை பற்றி நான் சொல்கிறேன். பிள்ளைகளுடனும் என் மாமியாருடனும் சென்றுவந்தவள் என்ற முறையில் எனக்கு இதுவே பெரிய சிக்கலாக இருந்தது.

காஜாவின் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் வேகாமல் நிற்கும். தங்கும் வீடுகளில் குக்கரில்தான் சோறு வைப்பார்கள். முதியவர்களுக்குக் குக்கரில் கூடுதலாக இரண்டு விசில் விட்டுக் குழைவாகத் தரச் சொன்னால் மனமுவந்து செய்கிறார்கள். துக்பா என்ற நூடுல்ஸ் கஞ்சி, மோமோ, பருப்பு, ரொட்டி, உருளைக்கிழங்கு, அந்தப் பள்ளத்தாக்கில் விளையும் பச்சைப் பட்டாணி ஆகியவை தாராளமாகக் கிடைக்கும். உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீரை என் மாமியார் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. பிள்ளைகள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

கையில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய், அவல், சுக்கு, கருப்பட்டி எடுத்துச் செல்லுங்கள். உயரத்தில் பசி மந்தித்துவிடும். அப்போது சூடான ரசமும் குழைந்த சோறும் இறங்குவதைப் போல வேறெதுவும் இறங்காது. சாயல்குடிக் கருப்பட்டியில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தால் வெறும் தண்ணீர் குடிக்க மறுக்கிறவர்களும் ஒரு டம்ளர் திரவம் குடித்துவிடுவார்கள். கீழக்கரைத் தொதல் இருந்தால் வண்டியில் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளலாம். கருவாடு மட்டும் வேண்டாம். மூடிய வண்டியில் வளைவுகளில் ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த வாசனை என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மடாலயத்தை ஒட்டிய வீடுகளில் தங்கும்போது அது மரியாதையாகவும் இராது.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும். தலைக்கு நல்லெண்ணெயோ, வாய் அகன்ற டப்பாவில் தேங்காய் எண்ணெயோ கொண்டுபோங்கள். உதட்டுக்கு வேசலினும், முகத்துக்கு வெயில் தடுப்புக் களிம்பும், கறுப்புக் கண்ணாடியும் ஐவருக்கும் கட்டாயம். நாங்கள் கடற்கரை வெயிலில் வளர்ந்தவர்கள், எங்களை வெயில் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் வியர்த்துவிடுவதால் சூடு தெரியும். அங்கே குளிர்ந்த காற்றில் சூடே தெரியாமல் தோல் உரிந்துவிடும்.

உடைக்கு ஒரே தடித்த கோட்டை நம்புவதைவிட, உடலை ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என அடுக்காக அணிவது நல்லது. பகலில் வெயில் காயும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மே இறுதியிலும் இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும் நாட்கள் உண்டு. இராமநாதபுரத்துக் கடைகளில் இவற்றைத் தேடி அலையாமல், சண்டிகரிலோ சிம்லாவிலோ வாங்குங்கள். சேலையோடுதான் இருப்பேன் என்று சொல்லும் பெரியவர்களுக்குப் பாவாடைக்கு உள்ளே தெர்மல் கால்சட்டையும், காலுறையோடு மூடிய காலணியும் போட்டுவிடுங்கள். ரப்பர் செருப்பு குளியலறைக்கு மட்டும்.

கழிப்பறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், முன்கூட்டியே தெரிந்தால் சங்கடம் இராது. சிற்றூர்களில் தண்ணீர் பயன்படுத்தாத உலர் கழிப்பறைகள் உண்டு; பயன்படுத்திய பிறகு மண்ணோ சாம்பலோ தூவ வேண்டும். அந்தக் கழிவு எருவாகி வயலுக்குப் போகிறது, ஆகவே அதில் தண்ணீரையும் நாப்கினையும் போடக்கூடாது. குளிர் பாலைவனம் என்பதால் அங்கே ஒரு வாளி வெந்நீர் பெரிய காரியம். தினமும் தலைக்குக் குளித்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். காஜாவுக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளில் குளிக்கவே வேண்டாம்.

சாயல்குடி_ரைடர்

பணம், தொலைபேசி பற்றி என் பங்குக்கு. காஜாவில் ஏடிஎம் உண்டு. ஆனால் மின்சாரமோ இணைப்போ நின்றால் அதுவும் நிற்கும். கியூஆர் அட்டை எல்லாக் கடையிலும் தொங்கும். சிக்னல் இருந்தால்தான் பயன். எனவே ரெக்காங் பியோவிலேயே முழுப் பயணத்துக்கும் தேவையான ரொக்கத்தை எடுத்துவிடுங்கள். காஜாவில் இந்தியன் ஆயில் பெட்ரோல் பங்க் இருக்கிறது; 3,740 மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது வெகு தூரம். காஜாவைத் தாண்டிய சிற்றூர்களில் பல இடங்களில் அழைப்பே கிடைக்காது என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் போன் வரவில்லை என்றதும் என் வீட்டில் காவல் நிலையம் வரை போய்விட்டார்கள்.

நம் ப்ரீபெய்டு எண்கள் இமாச்சலத்தில் வேலை செய்யும். லடாக்கிலும் காஷ்மீரிலும்தான் வெளிமாநில ப்ரீபெய்டு வேலை செய்யாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சிலர் போஸ்ட்பெய்டுக்கு மாறுகிறார்கள், தேவையில்லை.

பாம்பன்_வடகடல்

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். மதுரையிலிருந்து சண்டிகருக்கு ரயில். அறுபது நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது என்பதால் மார்ச் கடைசியிலேயே எடுத்துவிடுகிறோம். சண்டிகரில் ஓர் இரவு ஓய்வு. மகள் ஆசைப்படுவதால் கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் சிறிய ரயில். பிறகு சிம்லா, சராஹன், கல்பாவில் இரண்டு இரவுகள், தாபோவில் இரண்டு இரவுகள், காஜாவில் மூன்று இரவுகள். காஜா போய்ச் சேர்ந்த மறுநாளே கோமிக், ஹிக்கிம், லாங்ஸா ஆகிய சிற்றூர்கள். அதற்கு அடுத்த நாள் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம். பிறகு வந்த வழியே திரும்பி ஜூன் 10க்குள் பாம்பன். படகுகள் கடலுக்குப் போவதற்கு முன்பே ஐஸ் உற்பத்தி தொடங்கிவிடும் என்பதால் அதைத் தாண்டித் தங்க முடியாது. இது சரிதானா?

உச்சிப்புளி_ஓய்வு

பெரும்பாலும் சரி. இரண்டு நாட்களை மட்டும் மாற்றிப் போடுங்கள். கோமிக் 4,587 மீட்டர். ஹிக்கிம் அஞ்சலகம் சுமார் 4,400 மீட்டர். கீ மடாலயம் 4,166 மீட்டர்தான். ஆகவே முதலில் கீயும் கிப்பரும், கடைசி நாளில் லாங்ஸாவும் ஹிக்கிமும் கோமிக்கும். பகலில் ஏறி இரவில் காஜாவுக்கு இறங்கிப் படுப்பதால் தாங்கும். அந்தக் கடைசி நாளில் தாயார் களைத்திருந்தால், அவருடன் ஒருவர் அறையிலேயே இருக்கட்டும். கோமிக்கில் தங்கச் சொல்லி எவராவது அழைத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திரும்பும் வழியில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் சும்மா வைத்திருங்கள். சாலையில் கல் விழுந்து அரை நாள் அடைத்துக்கொள்வது அங்கே வாடிக்கை. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் சண்டிகரில் ரயிலைப் பிடிக்க ஓட்டுநரை இரவில் ஓட்டச் சொல்லி வற்புறுத்துவீர்கள். மலையில் இரவு ஓட்டம் கூடாது.

தாபோ மடாலயம் 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மண்சுவரில் வரைந்த பழைய ஓவியங்கள் உள்ளே இருக்கின்றன. அங்கே உட்புறம் படம் எடுக்க அனுமதி இல்லை. கண் இருட்டுக்குப் பழகும் வரை சற்று நின்று பாருங்கள். ஒரு கைவிளக்கு இருந்தால் நல்லது. அங்கே இரண்டு இரவுகள் தங்கச் சொன்னது உடலுக்காக. ஆனால் அந்த மண்டபத்துக்காகவே தங்கலாம்.

பாம்பன்_வடகடல்

நன்றி ஐயா, நாட்களை மாற்றிவிட்டேன். மைத்துனரும் ஒரு வழியாக மருத்துவரிடம் வருவதாக ஒப்புக்கொண்டார். கடைசியாக ஒன்று: வண்டியைச் சண்டிகரிலிருந்தே முழுப் பயணத்துக்கும் எடுப்பதா, பகுதி பகுதியாக எடுப்பதா?

உச்சிப்புளி_ஓய்வு

தாயார் இருப்பதால் சிம்லாவிலிருந்து சிம்லா வரை ஒரே வண்டியாக எடுங்கள். இளைஞர்கள் மட்டும் என்றால் ரெக்காங் பியோவிலிருந்து காலையில் காஜாவுக்குப் புறப்படும் அரசுப் பேருந்தே போதும் என்பேன். வண்டி தரை உயரமுள்ளதாக இருக்க வேண்டும். கூடுதல் சக்கரம் காற்றோடு இருக்கிறதா என்று முதல் நாளே திறந்து பாருங்கள். வாடகை பேசும்போது, உடல்நிலை சரியில்லை என்றால் எந்த நேரத்திலும் தாபோவுக்கோ ரெக்காங் பியோவுக்கோ இறக்கிவிட வேண்டும் என்பதையும், நாள் கூடினால் ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காஜாவில் இரவு ஓட்டுநர் எந்த வீட்டில் படுக்கிறார் என்பதையும் ஒவ்வொரு நாளும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் போன் சிக்னல் இல்லாவிட்டால் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.